இடுப்பில் இருபத்தைந்து விதை

இந்தக் கல்தரையில் நான் உட்கார்ந்திருக்கவே கூடாது. மரகதக்கா புது வீட்டுக்குத் தேடித் தேடிப் போட்ட கல், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. ஆனால் தை மாதக் காலையில் அதன் குளிர் ஜமுக்காளத்தைத் தாண்டி, பட்டுச்சேலையைத் தாண்டி, நேராக என் இடுப்புக்குத்தான் ஏறுகிறது. இடுப்பில் வலது பக்கம், பாவாடை நாடாவுக்குச் சற்றுக் கீழே, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்றுப் போக வாயைக் கட்டாத பிளாஸ்டிக் பையில் போட்டு, இருபத்தைந்து பாகல் விதைகளைச் செருகி வைத்திருக்கிறேன். இன்று மூன்றாவது நாள். முளைப்பதாக இருந்தால் இந்நேரம் மூக்கு நீட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை விடிந்ததும் கட்டியது, குளிக்கும்போது மட்டும் அவிழ்த்து அடுப்பு மேடையில் வைத்தது, மற்றபடி என் உடம்புச் சூட்டிலேயே இருக்கிறது. பாவக்காய் விதைக்கு மடி கொடுத்தவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்கு முழுக்கதை தெரியாது. தெரிந்தால் சிரிக்க மாட்டார். ஏதோ ஊர்வது போல இருக்கிறது, இதோ இப்போது, நாடாவுக்குக் கீழே, மெல்ல. ஊராது, விதை முளைப்பது எந்த மனுஷிக்கும் உடம்பில் தெரியாது, பன்னிரண்டு வருஷமாக நாற்றுப்பண்ணை நடத்துகிற எனக்கு அது தெரியாதா. ஈரத்துணி தோலை அரிக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் கை அங்கேயே போகிறது. எடுத்துப் பார்க்கலாமா. இத்தனை பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பாவாடைக்குள் கையை விட்டால் என்ன நினைப்பார்கள். பக்கத்தில் இருக்கிற பெரியம்மா ஏற்கெனவே ஒரு தரம் என் இடுப்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சைப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருக்கிறது, முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

எதிரே மணையின் மேல் ஐந்து பாலிகைச் சட்டிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மரகதக்கா மகளுக்குக் கல்யாணம், அதற்குள் நவதானியம் முளைத்துப் பச்சையாக எழுந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் இன்றைக்குப் பாலிகை போடுகிறார்கள். சட்டியில் புற்றுமண்ணை அப்படியே அமுக்கி நிரப்பியிருக்கிறார்கள், யார் செய்த வேலையோ, கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவோ மணலோ கலந்திருந்தால் வேர் மூச்சுவிடும், அடியில் ஓட்டை கூட இல்லை, தண்ணீர் நின்றால் பச்சைப்பயறு தாங்கும், துவரை அழுகிப் போகும். இதையெல்லாம் இப்போது யார் கேட்டது. முதல் பிடி தானியத்தை யார் போடுவது என்பதுதான் இங்கே பேச்சு. எங்கள் பக்கத்தில் எனக்கு விவரம் தெரிந்த நாளாக எந்த வீட்டுப் பாலிகை ஆனாலும் முதல் பிடி சம்பூரணக்காதான். பாலிகை மட்டுமில்லை, பந்தல் போட்டுப் பாவக்காயோ பீர்க்கனோ வைக்கிறவர்கள் அந்தம்மாவைக் கூட்டிப்போய் முதல் குழியில் முதல் விதையை ஊன்றச் சொல்வார்கள், கைராசி அப்படி. அக்கா வைத்தது பட்டுப்போனதாக ஒருத்தரும் சொன்னதில்லை. போன மாதம் வரைக்கும் சொன்னதில்லை. இன்று அந்தச் சம்பூரணக்கா தூணோரமாக, தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார். காம்பு கிள்ள யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வந்தவர் சும்மா உட்கார முடியாமல் அதை எடுத்துக்கொண்டார், நான் பார்த்தேன். முதல் பிடி போடப் போவது நான். போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க வந்தபோது மரகதக்கா அதைச் சொன்னார், சாதாரணமாகச் சொன்னார், இந்தத் தடவை நீயே போட்டுரு மணி, ஊருக்கே நாத்து குடுக்கற கை, சம்பூரணத்துக்குத்தான் இப்ப வெதையே முளைக்கறதில்லையாமே என்று. குங்குமத்தை நெற்றியில் வாங்கிக்கொண்டே நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டேன், அதுதான் என் லட்சணம். அவர் வாசல் படலைத் தாண்டிப் போனதும் அப்படியே நின்றேன். பிறகு மாத்திரை டப்பா இருக்கிற அலமாரிக்குப் போனேன்.

அந்த டப்பாவை மூன்று வாரமாகத் திறக்காமல் வைத்திருந்தேன். யார் விதை கொண்டுவந்தாலும் இருபத்தைந்தை எண்ணி, காலி மாத்திரை டப்பாவில் போட்டு, பேர் எழுதி ஒதுக்கி வைத்துவிடுவது என் பண்ணை வழக்கம். பின்னால் விதையில் கோளாறா வளர்ப்பில் கோளாறா என்று பேச்சு வந்தால் ஈரத்துணியில் போட்டுப் பார்த்துவிடலாம். பிறத்தியார் விதையைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் அன்றைக்கே போட்டுப் பார்த்தவள், நாட்ராயண்ணன் என்று எழுதின டப்பாவை மட்டும் கையால் தொடவில்லை. நாட்ராயண்ணன் சம்பூரணக்காவின் வீட்டுக்காரர். அக்கா பதினேழு வருஷமாகத் தன் கிணற்றுமேட்டுக் கொடியிலிருந்து எடுத்து எடுத்து வைத்த நாட்டுப் பாகல், கையளவு நீளம், முள்ளு மழுங்காமல் வெளிர்பச்சையாக இருக்கும், சந்தையில் அதற்கென்று தேடி வருகிறவர்கள் உண்டு. எப்போதும் குழியில் நேராக ஊன்றுகிறவர்கள், இந்த வருஷம் சொட்டுநீர் போட்டிருப்பதால் நாற்றாக வேண்டும் என்று மார்கழியில் அறுநூறு நாற்றுக்கு வேண்டிய விதையை, கொஞ்சம் கூடவே சேர்த்து, என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் குறை வைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு விதைக்கும் நகவெட்டியால் கூர்முனையில் ஓடு கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போக மூன்று தண்ணீர் அலசின நார்க்கழிவில், ஐம்பது குழித் தட்டு பன்னிரண்டில் கூர்முனை கீழே இருக்க வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலைக்கும் நாலு ஹாலோ பிளாக் கல் வைத்தேன். உள்ளே சூடு கட்டி நிற்க வேண்டும். குளிர்காலத்தில் பாகலுக்கு அந்தச் சூடுதான் உயிர். ஐந்து நாளைக்குத் திறக்கவே கூடாது என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பாடம் சொல்கிறவள் நான்தான். அந்த நான் மூன்றாம் நாள் சாயங்காலம் திறந்தேன். எதற்கு என்றால் பார்க்கத்தான். சின்ன வயதில் அடைகாக்கிற கோழியைத் தூக்கித் தூக்கி முட்டையைப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியவள், இட்லி வேகிறதுக்குள் நாலு தரம் மூடியைத் தூக்குகிறவள், இந்தப் புத்தி செருப்பால் அடித்தாலும் போகாது. ஒவ்வொரு தட்டாக இறக்கி வைத்து, அங்கங்கே விரல் நுனியால் கிளறிப் பார்த்தேன், ஓடு விரிந்து வெள்ளை தெரிகிற பருவம் இனிமேல்தான், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் போதும். திரும்ப அடுக்கிப் பாயைப் போர்த்தும்போது தக்காளி நாற்றில் இலை சுருளுகிறது என்று யாரோ போன் செய்தார்கள். பேசிக்கொண்டே போய்விட்டேன். கல் வைத்தேனா. வைக்கவில்லை. வைத்ததாக எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன், குனிந்தது போலவும் கல்லின் சொரசொரப்பு கையில் பட்டது போலவும் ஞாபகத்தை உண்டாக்கிக்கூடப் பார்த்தேன், ஆனால் காலையில் பாய் கம்பிவேலியில் போய்ச் சிக்கியிருந்தது, நாலு கல்லும் வரிசையாகச் சுவரோரம் அப்படியே இருந்தன. உடுமலைக் காற்றுக்குச் சொல்ல வேண்டுமா. தட்டுகள் பனியில் நனைந்து ஜில்லிட்டுக் கிடந்தன. ஒருத்தரும் பார்க்கவில்லை, எடுத்து மூடினேன், கல்லையும் வைத்தேன், போன சூட்டை எங்கே போய்க் கொண்டுவருவது. எட்டாம் நாள் திறந்தபோது அறுநூறில் முப்பத்தெட்டு எழுந்திருந்தது, அதுவும் இரண்டே நாளில் தண்டு அழுகிச் சாய்ந்தது, மற்றதெல்லாம் மண்ணுக்குள் கூழாகிப் பூஞ்சை கட்டி நாறியது.

ஆனால் ஒரு ராத்திரிக் குளிரில் அறுநூறும் போகுமா. இதைத்தான் மூன்று வாரமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். முள்ளங்கி தாங்கும், முட்டைக்கோஸ் தாங்கும், பாகல் தாங்காதுதான், தாங்காது என்றாலும் இத்தனை போகுமா, விதையிலும் ஏதோ இருந்திருக்கலாம், போன வருஷம் மழைக்கு நடுவில் எடுத்த பழமாக இருக்கலாம், முற்றாததை எடுத்திருக்கலாம். இருபத்தைந்தும் என் இடுப்பில் செத்துக் கிடந்தால் நான் சொன்னது பொய்யே இல்லை. அன்றைக்குச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். நாட்ராயண்ணன் சத்தம் போட்டிருந்தால்கூட வேறு மாதிரி இருந்திருக்கும், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். நாற்று எடுக்க வந்தவர், தட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு விதையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கி, வெளியே வந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, என்னாச்சு மணி என்று மட்டும் கேட்டார். எனக்கு நாக்கு முந்திக்கொண்டது. வெதைல சத்து இல்லீங்ணா, யாரு காய வெச்சது என்றேன். யாரு என்று கேட்டேனே, அந்த ஒரு சொல்லை அள்ளி எடுத்துக்கொள்ள முடியுமானால் எத்தனை தட்டு வேண்டுமானாலும் கழுவுவேன். எப்பவும் அவதான் என்றார். மொட்டமாடில காய வெச்சிருப்பாங்க, சிமெண்டுச் சூடு உள்ள இருக்கற கருவைக் கொன்னுபோடும் என்றேன். சிமெண்டுச் சூடு கொல்லும், அது உண்மை, நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த உண்மை. ஆனால் சம்பூரணக்கா மொட்டைமாடியில் காயவைக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், சாம்பல் பிசறி, முறத்தில் பரப்பி, கட்டிலுக்கடியில் நிழலில் ஒன்பது நாள் வைப்பார், பூனை மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் முள்ளுக்குச்சி வைத்திருப்பார், அதைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். தெரிந்தும் சொன்னேன். என் நாற்று என்றால் நம்பி வாங்குவார்கள், அந்தப் பேர் போய்விடக் கூடாது என்று சொன்னேன். அண்ணன் வீட்டுக்குப் போய் என்ன பேசினாரோ, பொறுமையான மனுஷன்தான், ஆனால் அடுத்த வாரமே கடையில் பாக்கெட் விதை வாங்கி நட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் குழியில் விதை போட அக்காவைக் கூப்பிடவில்லையாம். பிறகு அக்கம்பக்கத்திலும் கூப்பிடவில்லை. இப்போது இங்கேயும் இல்லை. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு முளைப்புத்திறன் இருக்கும் என்று நான் கண்டேனா.

யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். பட்டுச்சேலையில் புழுங்குகிறதாம். காற்று நேராக என் பக்கம்தான் அடிக்கிறது, ஈரத்துணியில் காற்றுப் பட்டால் சில்லிட்டுப் போகும். சளிப் பிடித்திருக்கிறது, அணைத்துவிடுங்கள் என்று சொன்னேன், தும்முவது போல நடித்தும் காட்டினேன், யாரும் எழுந்திருக்கவில்லை, நானே எழுந்து அணைத்துவிட்டு வந்து இந்தத் தடவை ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து உட்கார்ந்தேன். அணைத்துவிட்டேன் பார், முளைக்கக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டே சூடு போகக் கூடாது என்று மறுபக்கம் பதறுகிறேன், எனக்கே என்னைப் பிடிபடவில்லை. காலையில் எழுந்ததும் தக்காளி நாற்றுத் தலையில் மூங்கில் குச்சியை வைத்து மெல்ல வருடிக்கொண்டே போவேன், வருடினால் தண்டு கனத்து நிற்கும், வெயிலுக்கு ஏங்கி நீண்டு துவளாது. அப்படி வருடும்போது மனசு அடங்கிக் கிடக்கும். இன்றைக்கு வருடும்போதும் அடங்கவில்லை, குச்சி பட்டு ஒரு வரிசையே ஒடிந்துபோனது. தூணோரம் ஏதோ பேச்சு கேட்கிறது. கடைசி வீட்டுக்காரம்மா சம்பூரணக்காவிடம், எப்போதும் போல எனக்கு வீட்டுக்குப் பின்னாடி ஊன்ற நாலு பாவக்கா விதை கொடு என்று கேட்கிறார், அந்தம்மாவுக்கு ஊர்ச் செய்தி எதுவும் எட்டாது. சம்பூரணக்கா காம்பு கிள்ளுவதை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

“வெதைப்பானையைக் கழுவிக் கவுத்தாச்சுங்க. இனி நம்மகிட்ட ஏதுங்க வெதை.”

கழுவிக் கவிழ்த்தாச்சு என்றால் என்ன அர்த்தம். பானையைக் கழுவினால் உள்ளே இருந்தது எங்கே போனது. வேறு டப்பாவில் மாற்றியிருப்பார், பானை பழசாகியிருக்கும், பெண்கள் தை பிறந்தால் பானை சட்டியைக் கழுவத்தானே செய்வார்கள். பதினேழு வருஷம் வைத்ததைத் தூக்கிப் போடுவாரா. போட மாட்டார். சாகாத விதையைப் போட மாட்டார், செத்த விதையைப் போடுவார்தானே, செத்தது என்று யார் சொன்னது. வெத்தலையில் ஒரு காம்பு, இன்னொரு காம்பு, கை நிற்கவே இல்லை, முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, அழுதால்கூடத் தேவலை. என்னை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை அந்தம்மா, வந்ததும் வா மணி என்றதோடு சரி. எனக்கு இனி உட்கார முடியாது. நல்ல நேரம் பத்தரைக்கு என்றார்கள், மணி பத்து இருபது. பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பாத்ரூம் வாசலில் நாலு பேர் நின்றார்கள், எதிரே அரிசி மூட்டையும் வாழையிலைக் கட்டும் அடுக்கியிருந்த அறை திறந்திருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நாடாவோடு பிணைந்துகொண்டு பை வர மாட்டேன் என்றது. அரிசி மூட்டை மேல் வைத்து மடிப்பு மடிப்பாகத் துணியைப் பிரித்தேன். சன்னல் வெளிச்சத்தில் முதலில் பார்த்தது ஒன்றுதான், பழுப்பு ஓட்டின் நுனி பிளந்து பால்பல் மாதிரி ஒரு வெள்ளை. அடுத்தது. அதற்கடுத்தது. சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை, எத்தனை லட்சம் முளையைப் பார்த்திருந்தாலும் ஒவ்வொரு தரமும் அந்த வெள்ளையைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்துவிடுகிறது. எண்ணினேன். இருபத்து மூன்று. இரண்டு மட்டும் வாய் திறக்கவில்லை, ஒருவேளை நாளைக்குத் திறக்கும். வேர் எல்லாம் ஒரே அளவு, அரிசி நீளம், ஒரு கோணல் இல்லை, இத்தனை வீரியமான விதையை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. பிறகுதான் உறைத்தது. பக்கத்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சத்து இல்லை என்றேனே. இதற்கா சத்து இல்லை. அறுநூறையும் கொன்றது நான்தான், இனி ஒண்ட ஒரு மூலை இல்லை. உடனே புத்தி வேறு பக்கம் ஓடியது, எத்தனை வேகமாக ஓடியது என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. யாருக்குத் தெரியும் இது. வீட்டுக்காரருக்குக்கூட யாருடைய விதை என்று தெரியாது. இப்படியே கொண்டுபோய்த் தட்டில் வைத்து, பண்ணைக்குப் பின்னால் நாலு கொடி ஏற்றி, விதை எடுத்து, அடுத்த ஆடிக்கு நல்ல விதை கிடைத்தது அக்கா என்று ஒரு படி விதையை அவர் வீட்டில் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. விதை பிழைக்கும், என் பேரும் பிழைக்கும். அக்காவின் கை? அது ஒரு வருஷத்தில் மறந்துபோகும். மறக்குமா. அக்கா நடமாடுகிற வரைக்கும் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், ஒருத்தி கையில் விதை முளைக்கவில்லை என்றால் அந்தப் பேச்சு அவள் பேத்தியைப் பெண் பார்க்க வருகிற வரைக்கும் வரும். வெளியே மரகதக்கா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். துணியை மடித்தேன், முளை ஒடியாமல் ஒவ்வொரு மடிப்பாக மடித்தேன், திரும்ப இடுப்பில் செருகப் போனேன். செருகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கூடத்தில் எல்லோரும் சட்டிகளைச் சுற்றி நின்றார்கள். ஊறவைத்த நவதானியத்தைப் பித்தளைத் தட்டில் வைத்து மரகதக்கா என் முன்னால் நீட்டினார். ஊறின தானியத்தின் மணம், என் தொழிலின் மணம், மூக்குக்குள் ஏறியது. நான் போடவில்லைங்க்கா, சம்பூரணக்கா போடட்டும் என்றேன். அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். மரகதக்கா என் காதோரம் குனிந்து, கல்யாணக் காரியம் மணி, முளைக்காத கையைப் போய் என்று ஆரம்பித்தார். மெதுவாகத்தான் சொன்னார், தூணோரம் வரைக்கும் கேட்டது. சம்பூரணக்காவின் விரல் காம்பில் அப்படியே நின்றதைப் பார்த்தேன். கையிலிருந்த துணியைத் தட்டின் ஓரத்தில் வைத்துப் பிரித்தேன்.

“இது அக்கா கொடியில எடுத்த வெதைங்க. இருவத்தஞ்சு போட்டேன், இருவத்தி மூணு முளைச்சிருக்குது. அந்த அறுநூறையும் கொன்னது நானுங்க. பாயைத் தொறந்து பாத்துட்டு, கல்லு வெக்காமப் போயிட்டேன். ராத்திரிக் காத்துக்குப் பாய் போயிருச்சு. அண்ணங்கிட்ட மாத்திச் சொல்லிப்போட்டேன்.”

வாசல் பந்தலில் சமையல்காரர் யாரையோ கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் காது இரண்டும் கொதித்தன, பட்டுச்சேலையில் படர்ந்த ஈரத்தை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. நாளை சந்தைக்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும், தட்டுத் தட்டாக நாற்று வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள், யோசிக்கட்டும். சம்பூரணக்கா எழுந்து வந்தார். மடியிலிருந்த காம்புகளை உதறிவிட்டு, தட்டுக்கு முன்னால் குனிந்து, விதைகளைத் தொடாமல் ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே எண்ணினார். உதடு அசைந்தது. எண்ணி முடித்தும் நிமிரவில்லை. பானையில மிச்சம் இருக்குதுங்களாக்கா என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை, என் புத்திதான் தெரியுமே.

“கோழிக்குப் போட்டுட்டேன்” என்றார். “நாலு படி இருந்துச்சு. நானே எறைச்சேன். செத்ததுதானேன்னு.”

பதினேழு வருஷத்துக் கொடி, இப்போது உலகத்திலேயே அந்தத் துணியில் இருக்கிற இருபத்து மூன்றுதான், அதுவும் நான் உடனே தட்டில் வைத்தால், ஒன்றும் ஒடியாமல் இருந்தால். மரகதக்கா முகத்தில் ஈயாடவில்லை, தட்டை ஒரு தரம் என் பக்கமும் ஒரு தரம் அக்கா பக்கமும் காட்டினார், கடைசியில் அக்கா பக்கமே நீட்டினார். சம்பூரணக்கா உடனே வாங்கவில்லை. துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது, தண்ணீர்ச் செம்பிலிருந்து நாலு சொட்டு விட்டு நனைத்து, நான் மடித்ததைவிடப் பதமாக மடித்து, தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகுதான் தானியத்தை ஒரு பிடி அள்ளி முதல் சட்டியில் தூவினார், இரண்டாவதில், மூன்றாவதில், ஐந்திலும். வழக்கப்படி அடுத்தவள் தண்ணீர் தெளிக்க வேண்டும், யாரும் சொல்லாமலே செம்பு என் கைக்கு வந்தது. அளவாகத் தெளித்தேன். இரண்டு பேர் பெரிய மூங்கில் கூடையைக் கொண்டுவந்து சட்டிகளின் மேல் கவிழ்த்தார்கள். வெளியே போய், குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த கல்லை சம்பூரணக்காவே தூக்கி வந்தார். கூடையின் மேல் வைத்தார். அசைத்துப் பார்த்தார். பிறகு இன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“மூணு நாளைக்கு இந்தப் பக்கம் வந்துராதே மணி” என்றார். “இதையும் தொறந்து பாத்துராதே.”

சரிங்க்கா என்றேன். சிரிக்கலாமா அழலாமா என்று தெரியவில்லை, மற்றவர்களும் தெரியாமல்தான் நின்றார்கள். உங்க வீட்டுக்காரரிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். பந்தலில்தான் இருக்கிறார் என்றார், இடுப்பைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், மெல்ல நடந்தார், வேகமாக நடந்தால் முளை ஒடிந்துவிடும். நானும் அவர் பின்னால் அதே அளவு மெல்ல நடந்தேன். கை பழக்கத்தில் வலது இடுப்புக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லை.